காப்பென்னும் பெயரில் ஒரு காற்றளை

கொல்லிமலை அடியிலுள்ள சேந்தமங்கலத்தில் தாய் தன் குழவியின் காலுக்குத் தண்டை பூட்டுகிறாள். தளிர்நடை கேட்டு மகிழ்தற்கு. அதே கால், பதினாறு அகவையில் ஒருநாள் வழுக்கிவிட்டால், இருக்குமிடத்தைக் காவல்நிலையத்திற்குக் காட்டும் மின்வளையத்தைப் பூட்டலாமாம்! ‘சிறையினும் இது மேலன்றோ?’ என்று நயம்படப் பேசுகின்றனர் சிலர்.

எங்கிருந்து வந்தது இவ்வளையம்? 1983இல் அமெரிக்கப் புதுமெக்சிகோ நடுவர் ஒருவர், சிலந்தி மாந்தன் படக்கதையைக் கண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்த கருவி இது. பின்னர் அந்நாட்டுச் சிறுவர் கால்களிலும் ஏறிற்று. 2023 நவம்பரில் சம்மு காசுமீர்க் காவல்துறை பிணையில் வந்தவர்க்கு இதைப் பூட்டியது. அதே ஆண்டில் தில்லி வரைந்த மாதிரிச் சிறைச்சட்டம், விடுப்பில் செல்லும் சிறையாளர்க்கு இதை வகுத்தது. சிறார் சட்டத்துள் இன்னும் நுழையவில்லை. நுழையுமுன் கதவடைத்தல் வேண்டும்.

சேலத்து மண்ணுக்கு இக்கொடுமை புதிதன்று. வெள்ளையன் 1871இல் இயற்றி, 1911இல் சென்னை மாகாணத்திற்கும் நீட்டிய ‘குற்றப் பரம்பரை’ச் சட்டம், குற்றமே செய்யாதாரையும் பிறப்பால் பட்டியலிட்டது, விரல்வரி பதித்தது, காவலர்முன் முகங்காட்டச் செய்தது, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் இடந்தந்தது. 1947இல் சென்னை அரசு அதனை ஒழித்தது. ஆயினும் சேலம் உப்புக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர் என்னும் பெயர்கள் சீர்மரபினர் பட்டியலில் அத்தழும்போடு நிற்கின்றன. அன்று காவலன் கதவைத் தட்டினான். நாளை கருவி தட்டும். முதலில் யார் பிள்ளைக்குப் பூட்டுவர்? கோழிப்பண்ணை முதலாளியின் மகனுக்கா, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலியாளின் மகனுக்கா?

2015ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 74ஆம் பிரிவு, வழக்கிற்பட்ட சிறுவனின் பெயரையும் படத்தையும் பள்ளியையும் எவ்வேட்டிலும் வெளியிடலாகாது என்கிறது. பெயரை மறைத்துவிட்டு, ஊரறியக் காலில் அடையாளம் பூட்டுவது என்ன அறம்? அரைக்காற்சட்டையோடு பந்தாடும் பிள்ளை அதை எங்கே ஒளிப்பான்? அறிவுரை, பொதுத்தொண்டு, நன்னடத்தை மேற்பார்வை, மிஞ்சினால் மூன்றாண்டு வரை சிறப்பில்லம் என 18ஆம் பிரிவு பல வழிகளை வகுத்திருக்கிறது. மேற்பார்வைக்கு வேண்டியவர், வீடு தேடி வந்து பிள்ளையோடு தமிழில் பேசும் அலுவலர். கருவிக்குக் காசு தேடுவோர் அவருக்குத் தேடட்டும்.

பிணையில் உள்ளவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை பின்தொடரக் கட்டளையிடுதல் தனிமையுரிமைக்கு மாறென 2024 சூலையில் தில்லி உச்ச நயன்மன்றமே தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் நின்றவர் வளர்ந்த அயல்நாட்டார். அவருக்குக் கிட்டிய நிழல் தமிழ்ச் சிறுவனுக்கு இல்லையா?

இதற்குக் ‘காற்காப்பு’ என்று பெயர்சூட்ட முனைவோரும் உளர். காப்பது காப்பு, கட்டுவது தளை. சொல்லைக் கெடுத்துவிட்டால் கொடுமை எளிதில் நுழையும். தமிழக அரசு சிறைச்சட்டத்தில் எதை ஏற்றாலும், சிறார்க்கு இத்தளை இல்லையென எழுத்தில் வைக்கட்டும்.