மரம் ஏறத் தெரியும்... டிரெய்லர் இழுக்கத் தெரியுமா? பிரிட்டனில் வேலையைத் தீர்மானிக்கும் லைசென்ஸ்

பிரிட்டனில் மரப் பராமரிப்பு நிறுவனங்கள் ஆள் எடுக்கும் விளம்பரங்களில் ஒரு விநோதம் உண்டு. கயிறு கட்டி மரம் ஏறத் தெரிய வேண்டும், செயின்சா சான்றிதழ் வேண்டும் என்று கேட்பது சரி, அதுதானே வேலை. ஆனால் அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருக்கும்: 'டிரைவிங் லைசென்ஸ் அவசியம். டிரெய்லர் இழுக்கும் தகுதி இருந்தால் முன்னுரிமை.' அறுபதடி உயரத்தில் தொங்கிக்கொண்டு கிளையை அறுக்கத் தெரிந்த இளைஞருக்கு, இந்த ஒரு வரியால் வேலை கைவிட்டுப் போகும்.

காரணம் இல்லாமல் கேட்பதில்லை. இந்த வேலைக்குப் போவது பெரும்பாலும் இரண்டு, மூன்று பேர் கொண்ட சிறு குழு. ஒரு டிப்பர் வண்டி, அதன் பின்னால் கிளைகளை அரைத்துத் துண்டுகளாக்கும் 'சிப்பர்' மெஷின். இந்த ஜோடி நகராமல் வேலையே தொடங்காது. வண்டி ஓட்டுபவர் ஒரு நாள் லீவு போட்டால், மீதி இருவரும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

இதில் பிறந்த ஆண்டுக்கும் பங்கு உண்டு என்பதுதான் வேடிக்கை. 1997 ஜனவரி 1-க்கு முன்பு கார் தேர்வில் தேறியவர்களுக்கு, கனமான டிரெய்லரை இழுக்கும் 'பி+இ' தகுதியும், 7,500 கிலோ வரையிலான நடுத்தர லாரியை ஓட்டும் 'சி1' தகுதியும் கேட்காமலேயே கிடைத்தன. அதற்குப் பிறகு தேறியவர்களுக்கு வெறும் 'பி' மட்டும். 3,500 கிலோ வரையிலான வண்டி, அதன் பின்னால் 750 கிலோ வரை டிரெய்லர், அவ்வளவுதான். அதைவிடக் கனமான டிரெய்லர் என்றால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தே 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. டிப்பரே 3,500 கிலோ வண்டியாக இருக்கும்போது அந்த வழியும் அடைபட்டது. மேலே போக வேண்டுமென்றால் தனித் தேர்வு எழுத வேண்டும், அதற்கான பயிற்சிக்குச் சில நூறு பவுண்டு செலவழிக்க வேண்டும். ஆக, மரம் ஏற உடம்பில் தெம்பு இருக்கும் 20 வயதுக்காரரிடம் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இருக்கும் மாமா வயதுக்காரருக்கு முழங்கால் வலி.

இந்த 750 கிலோ கோடு மெஷின்களின் வடிவத்தையே மாற்றியது. 750 கிலோவுக்குள் அடங்கும் சிப்பர்களை நிறுவனங்கள் தனியாக விளம்பரப்படுத்தி விற்றன. 'இளம் ஊழியரும் இழுக்கலாம்' என்பதே அவற்றின் விற்பனை மந்திரம்.

2021-ல் காட்சி மாறியது. அந்த ஆண்டு பிரிட்டனில் லாரி டிரைவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. தேர்வு நடத்தும் அதிகாரிகளுக்கு நேரம் போதவில்லை. அரசு என்ன செய்தது? கார் டிரெய்லர் தேர்வையே தூக்கிவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 30,000 லாரித் தேர்வுகளுக்கு இதனால் இடம் கிடைக்கும் என்று சொன்னது. 2021 டிசம்பர் 16 முதல், சாதாரண கார் லைசென்ஸ் உள்ள எவரும் 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு மட்டும். வடக்கு அயர்லாந்தில் தேர்வு அப்படியே இருக்கிறது.

நல்ல செய்தி மாதிரிதான் தெரிகிறது. மரம் வெட்டும் இளைஞருக்குக் கதவு திறந்துவிட்டதே! ஆனால் தேர்வை நீக்கியது டிரெய்லர் ஓட்டுவது எளிதாகிவிட்டதால் அல்ல, வேறொரு வரிசையைக் குறைக்க. டிரெய்லர் மாறவில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். எடை பின்பக்கம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும். இதையெல்லாம் கற்றுக்கொள்ள வைக்க ஒரு தேர்வாவது முன்பு கட்டாயம் இருந்தது. இப்போது பயிற்சி என்பது விருப்பம். காலை ஏழு மணிக்கு முதலாளி சாவியைத் தூக்கிக் கொடுப்பதே பல இடங்களில் பயிற்சி என்றாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

விளம்பரங்களும் முழுதாக மாறவில்லை. சட்டம் எளிதானாலும் இன்சூரன்ஸ் எளிதாகவில்லை. வயது குறைந்த ஓட்டுநர் என்றால் பிரீமியம் எகிறும், சில பாலிசிகளில் இடமே கிடையாது. அதனால் '25 வயதுக்கு மேல்' என்ற வரியும் அனுபவம் கேட்கும் வரியும் தொடர்கின்றன.

எடை விஷயம் இன்னும் சிக்கல். பச்சை ஓக் மரம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,000 கிலோ. 3,500 கிலோ டிப்பரில் வண்டியின் சொந்த எடை போக, ஏற்றக்கூடிய சுமை ஒரு டன்னைச் சுற்றித்தான் இருக்கும். பார்த்தால் பாதிதான் நிரம்பியிருக்கும், எடைமேடையில் ஏற்றினால் அளவு தாண்டியிருக்கும். பிடிபட்டால் நிறுவனத்தோடு ஓட்டுநரும் பதில் சொல்ல வேண்டும். 'பாஸ் சொன்னார், ஓட்டினேன்' என்பது எடுபடாது.

பெரிய அடி வேறு இடத்தில் விழும். அவசரத்துக்கு 7,500 கிலோ லாரியின் சாவியை 'சி1' இல்லாத இளைஞரிடம் கொடுத்தால் 3 முதல் 6 அபராதப் புள்ளிகள். இன்சூரன்ஸும் செல்லாது என்றால் அதற்கு 6 முதல் 8 புள்ளிகள். முதல் லைசென்ஸ் வாங்கி இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. மறுபடி எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். முதலாளிக்கு அது ஒரு நாள் தலைவலி, அந்த இளைஞருக்கு அந்தத் தொழிலே போய்விடும்.

ஆகவே கேள்வி யாருக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதல்ல, பயிற்சிக்கு யார் பணம் கட்டுவது என்பதுதான். செயின்சா பயிற்சிக்குச் செலவழிக்கும் நிறுவனம், டிரெய்லருக்கு மட்டும் 'நீயே கற்றுக்கொண்டு வா' என்று சொல்வது நியாயமில்லை. பிரிட்டனின் 1974-ம் ஆண்டு பணியிடப் பாதுகாப்புச் சட்டம், வேலைக்காகச் சாலையில் ஓட்டுவதையும் முதலாளியின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. 'டிரெய்லர் பயிற்சி நாங்கள் தருகிறோம்' என்று ஒரு வரி சேர்த்தால், அனுபவம் கேட்டு வாசலில் நிறுத்தும் வரி தேவைப்படாது.

இங்கிருந்து போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரைதான் ஓட்டலாம். அதை நேரடியாக பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் புதிதாகத் தேற வேண்டும். நம் ஊரில் இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரை சரக்கு வண்டி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே 7,500 கிலோதான், ஆனால் அங்கே 'சி1' தேர்வு எழுதியாக வேண்டும். ஊரில் மினி லாரி ஓட்டிய அனுபவத்தை நம்பி அங்கே சாவியை வாங்கிவிட வேண்டாம்.