விளையாட்டுக் காரும் வில்வண்டியும்

விளையாட்டுப் பொருள் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, அதனைச் சிறுவர்க்குரியதென்று ஒதுக்கிவிடுவது நம்மவரிடையே பெருவழக்கு. கையிலுள்ள கருவியால் வானொலி அலையை அனுப்பி, தூரத்தே நின்று ஓட்டும் சிறு காரைப் பற்றி இலக்கியப் பகுதியொன்றில் எழுதுவது தகுமோ என்று வினவுவோரும் இருப்பர். தகும் என்பதே என் துணிபு. கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்றே அமைந்த அச்சிறு காரின் வில்லமைப்பை எவ்வாறு வலுப்படுத்துவது, எவ்வாறு சீர்செய்வது என்னும் வினாவினுள்ளே, வலிமை என்பது யாது என்னும் பெரிய வினாவொன்று அடங்கிக் கிடக்கிறது. அதற்கு நம் பிள்ளைகளுட் பலர் சொல்லும் விடை பிழையானது. அதனைத் திருத்தும் வாய்ப்பு ஆசிரியர் கையிலேயே இருக்கிறது.

முதலிற் பெயரைப் பற்றி. சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே நின்று அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் பகுதியை, ஆங்கிலச் சொல்லை நோக்கித் 'தொங்கல்' என மொழிபெயர்ப்பாருமுளர். தொங்குவது அதன் தோற்றமேயன்றித் தொழிலன்று. வளைந்த இரும்புத் தட்டுகளின்மேல் அமர்த்திய மாட்டுவண்டியை நம் முன்னோர் 'வில்வண்டி' என்றனர். வளைந்து பின் நிமிர்வது எதுவோ அது வில். பெயரிலேயே தொழிலும் விளங்கிவிட்டது. ஆதலின் வில்லமைப்பு என்றே இங்கு வழங்குவேன்.

இவ்வமைப்பில் இன்றியமையாத உறுப்புகள் இரண்டு. ஒன்று வில்; மற்றது கராஜ்களில் 'ஷொக்' என வழங்கும் தணிப்பான். வில் அடியை வாங்கும். ஆனால் வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கும். அத்திருப்பத்தை அடக்குவதே ஷொக்கின் வேலை. எண்ணெய் நிறைந்த குழாயினுள்ளே துளையிட்ட சிறு முசலமொன்று மேலும் கீழும் அசைகிறது. எண்ணெய் அத்துளைகளினூடே நெருக்குண்டு செல்லுந்தோறும் அதிர்வின் சக்தி வெப்பமாக மாறி ஒழிகிறது. வில் மாத்திரம் உள்ள கார் தவளைபோல் துள்ளும். ஷொக் மாத்திரம் உள்ள கார் குந்தினால் எழாது. இரண்டும் ஒத்திசைந்தபோதே சக்கரம் நிலத்தை விடாது பற்றி ஓடும்.

இதனைக் கற்பதற்கு மலையகத்தைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. ஹட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ பெருந்தெருவை விட்டுத் தோட்டத்துள் திரும்பிச் செல்லும் பாதைகள் பலவற்றில் தார் குறைந்து கல் மிகுகிறது. மழைநீர் அரித்த வாய்க்கால்களும், கொழுந்து லொறியின் சக்கரம் பதித்த பள்ளங்களும், லயத்துக்கு ஏறும் படிகளும் நம் பிள்ளைகளுக்கு நாளாந்தக் காட்சிகள். நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்ற மோட்டார்ப் போட்டி 1934-இல் தொடங்கியது; இம்மலைகள் பெரிய கார்களுக்கு எத்தகைய சோதனைக் களம் என்பதற்கு அது சான்று. சிறிய காருக்கோ சோதனை இன்னும் கடியது. பத்திலொரு பங்கு அளவான காருக்கு முன்னே கிடக்கும் பத்துச் சென்ரிமீற்றர்க் கல்லானது, பெரிய காருக்கு ஒரு மீற்றர்ப் பாறைக்கு ஒப்பானதாகும்.

இக்கார்களின் வரலாறும் ஒருண்மையை உணர்த்துகிறது. இவற்றை உலகெங்கும் பரப்பிய நிறுவனங்களுள் முதன்மையான தமியா, ஜப்பானின் சிசுவோக்கா நகரைச் சேர்ந்தது. சிசுவோக்கா தேயிலைக்குப் பேர்போன நிலம் என்பது நமக்கு உவப்பான செய்தி. அந்நிறுவனம் 1979-இல் வெளியிட்ட 'றஃப் றைடர்', 'சான்ட் ஸ்கோச்சர்' என்னும் கரட்டுநிலக் கார்களின் வில்லமைப்பில் வார்ப்புலோகப் பாகங்கள் மிகுந்திருந்தன. ஐந்தாண்டுகளின் பின், 1984-இல், அமெரிக்காவிலிருந்து 'ஆர்.சி.10' என்னும் கார் வந்தது. அதன் உடற்றட்டு அலுமினியம். சக்கரத்தைத் தாங்கும் கைகளோ நைலோன். நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் ஷொக். மறு ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த உலகப் போட்டியில் இரு சக்கர இயக்கப் பிரிவை வென்றது அதுவே. உலோகம் வாங்க வசதியில்லாமலா அதனை ஆக்கியோர் நைலோனை நாடினர்? அன்று. எது வளைய வேண்டும், எது வளையலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் பிள்ளைகள் செல்வதோ இதற்கு நேர்மாறான வழி. கார் கல்லில் மோதிக் கையொன்று முறிந்தவுடன், "பிளாஸ்ரிக் பலவீனமானது" என்று முடிவு கட்டி, பளபளக்கும் அலுமினியக் கையை வாங்கிப் பூட்டுகின்றனர். மறுமுறை மோதும்போது கை முறிவதில்லை. கையைத் தாங்கிய சட்டம் பிளக்கிறது. சட்டத்தையும் உலோகமாக்கினால், பற்சக்கரப் பெட்டி உடைகிறது. அடியின் விசை மறைந்துபோவதில்லை. ஓரிடத்தில் தடையுண்டால் அடுத்த நலிந்த இடத்தைத் தேடிச் செல்கிறது. மேலும் நைலோன் வளைந்தால் மீண்டும் நிமிரும். மெல்லிய அலுமினியம் மீள்தன்மை எல்லையைக் கடந்து வளைந்துவிட்டால் வளைந்தபடியே நிற்கும். சக்கரம் கோணிக் கார் ஒருபக்கம் இழுக்கும். வெள்ளத்தில் மரம் வேரோடு சாய நாணல் தலைவணங்கிப் பிழைக்கும் கதையைச் சிறுவயதிலேயே கேட்டவர்கள், காரைக் கண்டதும் அக்கதையை மறந்துவிடுவது விந்தையன்றோ?

அப்படியாயின் வலுப்படுத்தவே கூடாதா? கூடும், எங்கே, எதற்காக என்று அறிந்து செய்தல் வேண்டும். தேய்மானத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் உருக்கு. அடியைத் தாங்க வேண்டிய இடத்தில் நைலோன். கைகள் அசையும் ஊசித்தண்டு வளைந்திருப்பின் நல்ல உருக்குத் தண்டு இடலாம். அத்தண்டின் இரு முனைகளையும் இணைத்துப் பிடிக்கும் ஒரு குறுக்குத் தட்டு, விலை சிறிதாயினும் பெரும் பயன் தரும்; ஏனெனில் அது விசையைத் தடுப்பதில்லை, இரு இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. உலர்ந்த நைலோன் எளிதில் நொறுங்கும். ஈரத்தை உறிஞ்சிய நைலோன் நெகிழும். இதனாலேயே அனுபவசாலிகள் புதிய நைலோன் கைகளை வெந்நீரில் கொதிக்கவைத்துப் பின் பூட்டுகின்றனர்.

இவற்றுக்கெல்லாம் முன்னே செய்ய வேண்டியது சீர்செய்தல். சீர்கெட்ட காரை வலுப்படுத்துவது, நோயை அறியாமல் மருந்தை இரட்டிப்பதற்கு ஒப்பாகும். காரின் சொந்தப் பாரத்தினால் வில் சிறிது அமுங்கியிருத்தல் வேண்டும். சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அமுக்கம் கரட்டு நிலத்துக்கு ஏற்றது. அப்போதே சக்கரம் மேட்டில் ஏறுவதோடு பள்ளத்திலும் இறங்கி நிலத்தைத் தேடும். ஷொக்கின் மேலுள்ள வளையத்தைத் திருகி வில்லை இறுக்கினால் வில் கடினமாகும் என்பது பலரின் நம்பிக்கை. அஃது உண்மையன்று. வில்லின் கடினம் அதன் கம்பித் தடிப்பையும் சுருள்களின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. வளையம் உயர்த்துவது காரின் நிலையையே. அதிகம் இறுக்கப்பட்ட கார் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். ஆனால் பள்ளத்தைக் கண்டால் அதன் சக்கரம் அந்தரத்தில் சுழலும்.

எண்ணெயின் கதை நம்மூர்க்குத் தனிச் சிறப்புடையது. ஷொக் எண்ணெய் எண்ணிட்டு விற்கப்படுகிறது. எண் கூடக்கூட எண்ணெய் தடிக்கும். கடலோரக் கொழும்பின் வெப்பத்தில் இதமாக வேலை செய்த எண்ணெய், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், சராசரி வெப்பநிலை 16 பாகை அளவிலுள்ள நுவரெலியாவுக்கு வந்ததும் தடித்துவிடுகிறது. ஷொக் மந்தமாகிறது, அடுத்தடுத்து வரும் கற்களுக்கு ஈடுகொடுக்க இயலாமல் கார் நிலத்தில் அமுங்கிக்கொண்டே போகிறது. ஓட்டுபவன் வில்லைக் குறைகூறுகிறான். ஓர் எண் குறைந்த எண்ணெயை இட்டால் குறை நீங்கும். குளிர்காலக் காலையில் போத்தலுள் உறைந்து நிற்கும் தேங்காயெண்ணெயை அறியாத வீடு மலையகத்தில் உண்டோ? உறைதல் வேறு, தடித்தல் வேறு என்று வேறுபாடு காட்டி, பிசுக்குமை என்னும் பாடத்தை அப்போத்தலிலிருந்தே தொடங்கலாம்.

சோதிக்கும் முறையும் எளிது. காரை ஒரு சாண் உயரத்திலிருந்து மட்டமாக விழவிடுக. நன்கு சீரான கார் அமுங்கி, ஒரே மூச்சில் தன் நிலைக்கு எழுந்து நிற்கும். துள்ளினால் தணிப்புப் போதாது. மெல்ல மெல்ல எழுந்தால் தணிப்பு மிகை. அதன்பின் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொப்பியில் ஒரு வரி. ஒவ்வொரு முறையும் அதே பாதை. விஞ்ஞான முறை என்று நூல்கள் பல பக்கங்களில் விரிப்பது இதனைத்தானே?

வில்லின் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்ற ஊக்கின் விதி 1678-இல் நூலாக வெளிவந்தது. பொருள்களின் அளவு சிறுத்தால் அவற்றின் வலிமை அதே விகிதத்தில் குறைவதில்லை என்பதைக் கலிலியோ 1638-இலேயே விளக்கினார். நீளம் பத்திலொன்றாகும்போது குறுக்குவெட்டுப் பரப்பு நூறிலொன்று, நிறையோ ஆயிரத்திலொன்று. சின்ன கார் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தும் எழுந்தோடும். அளவுக்கேற்பப் பெரிய காரைப் பத்து மீற்றரிலிருந்து விழவிட்டால் எஞ்சுவது இரும்புக் குவியலே. ஊக்கின் விதியும், எளிமை இசை இயக்கமும், பிசுக்குமையும் உயர்தரப் பௌதிகப் பாடத்தில் உள்ளவை. 2013-இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறையும் சேர்க்கப்பட்டது. ஆனால் இவ்விதிகளை மனனஞ் செய்து எழுதும் மாணவன், முறிந்த கையைக் கண்டதும் அலுமினியத்தைத் தேடி ஓடுவானாயின், அவன் கற்றது விதியையன்று, விதியின் சொற்களையே.

செலவைப் பற்றிக் கேட்போருக்கு மறுமொழி கூறவேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அவ்வருவாயை நம்பிய குடும்பத்துப் பிள்ளையிடம் இத்தகைய காரை வாங்கு என்று சொல்வது அறமாகாது. பிள்ளைக்கு ஒரு கார் வேண்டியதில்லை; பாடசாலைக்கு ஒன்று போதும். அதுவும் இயலாவிடின், ஊசியில்லாத மருந்துப் பீச்சுகுழலில் கிளிசரினை நிரப்பினால் ஷொக், பழைய பேனாவின் சுருள் வில், ஒரு பலகை, நான்கு சக்கரம். குறைந்த வசதியுள்ள பிள்ளைக்கே இவ்வறிவு அதிகம் வேண்டப்படுகிறது என்பதையும் மறத்தலாகாது. வேண்டாத உலோகப் பாகத்துக்கு வீணாகும் பணம் அவன் வீட்டில் சில நாட்களின் கொழுந்துக் கூலி. நாளை அவன் லொறி பழுதுபார்க்கும் கராஜில் நிற்பானாயின், பாரம் கூடியதென்று வில்லில் இன்னுமொரு தட்டைச் சேர்க்கும் முன், வெறும் லொறி இனி எப்படித் துள்ளும், சட்டம் எங்கே வெடிக்கும் என்று எண்ணிப் பார்ப்பான்.

அபாயமில்லையா என்பாருக்கும் ஒன்று சொல்வேன். 2024 ஏப்பிரல் 21-இல் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் தடம் விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்த காரினால் ஏழு உயிர்கள் போயின. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் இரண்டு கிலோ நிறையுள்ள சிறு காரிடமும் ஏறத்தாழ 120 யூல் சக்தி இருக்கிறது. கணுக்காலில் மோதினால் காயம் உறுதி. ஓட்டுபவர் உயரத்தில், பார்ப்பவர் பாதைக்கு அப்பால் என்ற ஒழுங்கை முதல் நாளிலேயே பழக்குதல் வேண்டும். வேகத்துக்கு மரியாதை செய்யச் சிறிய காரிடம் கற்றவன், பெரிய காரின் முன் அலட்சியமாக நிற்க மாட்டான்.

வகுப்பறையில் 'வில்', 'தணிப்பு' என்றும் கராஜில் 'ஸ்பிரிங்', 'ஷொக்' என்றும் இருவேறு உலகங்கள் நம்மிடையே நிலவுகின்றன. ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரிவதில்லை. ஒருவர் அறிவு மற்றவரைச் சேர்வதில்லை. இவ்விரண்டையும் ஒரு மேசையின்மேல் கொணர்ந்து வைக்கும் பொருள், அந்தச் சிறு காரைப்போல் எளியது பிறிதில்லை. மலையகத்துப் பாடசாலை ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க வேண்டும். விஞ்ஞான மன்றங்கள் பேச்சுப் போட்டியோடு நின்றுவிடாமல் திருகாணிச் சாவியையும் கையிலெடுக்க வேண்டும். 'எது உடைந்தது?' என்று கேட்கும் பிள்ளையை, 'விசை எங்கே சென்றது?' என்று கேட்கும் பிள்ளையாக மாற்றினால் அதுவே போதிய பயன்.