ஊளை கேட்டது, உடல் எங்கே?

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் இரவு நேரச் சடங்கு ஒன்று உண்டு. நாலைந்து பேர் இருட்டில் நின்று பேஸ்பால் மட்டையால் ஒரு மரத்தை ஓங்கி அடிப்பார்கள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். தூரத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தால் போதும், பிக்ஃபுட் பதில் சொல்லிவிட்டதாக அர்த்தம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்னொரு கூட்டம் இதே போன்ற மட்டையோடு நின்று, இவர்கள் அடித்த அடியைக் கேட்டுப் புல்லரித்துப் போயிருக்கலாமே என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

ஏழெட்டு அடி உயரம், உடலெங்கும் ரோமம், மனிதனைப் போல நிமிர்ந்த நடை. இப்படியொரு பிராணி வாஷிங்டன், ஓரிகன், வட கலிஃபோர்னியா, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா காடுகளில் ஒளிந்து வாழ்வதாக ஏராளமானவர்கள் நம்புகிறார்கள். சாஸ்குவாட்ச் என்பது அதன் இன்னொரு பெயர். பிராணியை யாரும் பிடித்துக் காட்டியதில்லை. அவர்கள் காட்டுவதெல்லாம் ஓர் அலறல், ஒரு காலடித் தடம், வில்லாக வளைந்து கிடக்கும் ஓர் இளமரம், எங்கிருந்தோ வந்து விழுந்த கல். அனிமல் பிளானட் தொலைக்காட்சி 2011 முதல் 2018 வரை ‘ஃபைண்டிங் பிக்ஃபுட்’ என்ற தொடரை நடத்தியது. தலைப்பில் சொன்ன காரியத்தைக் கடைசிவரை செய்யாமலே ஏழு ஆண்டு ஓடிய தொடர் அது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி நம் ஊரில் இதைக் கடந்துவிடுவார்கள். ஆனால் இவர்கள் அரண்டவர்கள் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியும் வெப்பக் கேமராவும் பிளாஸ்டர் மாவும் எடுத்துக்கொண்டு தாங்களாகவே இருட்டைத் தேடிப் போகிறவர்கள். தாங்கள் செய்வதை ஆராய்ச்சி என்கிறார்கள். அதனால் ஆராய்ச்சிக்கு உரிய கேள்விகளை அவர்களிடம் கேட்டே ஆக வேண்டும்.

முதலில் ஒலி. அமெரிக்கக் காடுகளின் இரவு நகரத்துக் காதுக்குப் பழக்கமில்லாதது. இனப்பெருக்கக் காலத்தில் பெட்டைச் செந்நரி எழுப்பும் அலறல், ஒரு பெண்ணின் கழுத்தை யாரோ நெரிப்பதைப் போலவே இருக்கும். துணை தேடும் பெண் மலைச்சிங்கத்தின் குரல் அதைவிட மோசம். இலையுதிர் காலத்தில் ஆண் எல்க் மானின் அழைப்பு அடித்தொண்டையில் தொடங்கிச் சீழ்க்கையாக உயர்ந்து மறுபடி உறுமலில் இறங்கும். அவ்வளவு பெரிய உடலிலிருந்து இப்படியொரு கீச்சுக்குரலா என்று நேரில் பார்க்கிறவர்களே வியப்பார்கள். பார்டு ஆவ்ல் என்ற ஆந்தைகள் ஜோடியாகக் கத்தினால் குரங்குக் கூட்டம் சண்டை போடுவதாகத்தான் தோன்றும். மரம் தட்டும் ஒலிக்கோ காரணங்கள் குவிந்து கிடக்கின்றன: மரங்கொத்திகள், காற்றில் ஒன்றோடொன்று மோதும் பட்டுப்போன மரங்கள், கடுங்குளிரில் துப்பாக்கி வெடித்ததுபோல் பிளக்கும் அடிமரங்கள். பனிச்சுமை இளமரங்களை வளைத்துவிட்டுப் போவதும் அங்கே வருடாவருடம் நடப்பதுதான்.

இத்தனையும் சொன்ன பிறகு, “இந்த ஒலி அவற்றில் எதுவும் இல்லை, நிபுணர்களாலேயே அடையாளம் காண முடியவில்லை” என்பார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். அடையாளம் தெரியவில்லை என்பது கேட்டவரைப் பற்றிய செய்தி. கத்தியது எது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 1970களின் தொடக்கத்தில் சியரா நெவாடா மலையின் ஒரு வேட்டை முகாமில் பதிவான ‘சியரா ஒலிகள்’ இன்றும் இவர்களுடைய பெருஞ்சொத்து. அந்த உறுமல்களிலும் கீச்சொலிகளிலும் ஒரு மொழியே இருப்பதாக வாதாடுபவர்கள் உண்டு. பேசியது எது என்று காட்ட அவர்களிடம் ஒரு தெளிவான படம்கூட இல்லை. ஆள் யாரென்று தெரியவில்லை, அதற்குள் இலக்கணம் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்தது தடம். பிக்ஃபுட் என்ற பெயரே ஒரு தடத்திலிருந்து பிறந்ததுதான். 1958 ஆகஸ்டில் வட கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக் பகுதியில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜெர்ரி குரூ என்ற புல்டோசர் ஓட்டுநர், 16 அங்குல நீளக் காலடித் தடங்களைப் பார்த்தார். அக்டோபரில் ‘ஹம்போல்ட் டைம்ஸ்’ நாளிதழ் அதை வெளியிட, செய்தி நாடெங்கும் பரவியது. அந்தச் சாலை வேலையின் ஒப்பந்தக்காரர் ரே வாலஸ். 2002இல் அவர் இறந்ததும், அவர் பயன்படுத்தியதாகச் சொல்லி மரத்தில் செதுக்கிய ஒரு ஜோடிப் பெரிய பாதங்களை அவருடைய குடும்பத்தார் எடுத்துக் காட்டினார்கள். பிக்ஃபுட் நடந்து போவதாகக் காட்டும், 1967இல் ரோஜர் பேட்டர்சன் எடுத்த உலகப் புகழ்பெற்ற ஒரு நிமிடப் படமும் இதே பிளஃப் கிரீக்கில் எடுக்கப்பட்டதுதான். பிக்ஃபுட்டைப் பற்றிப் படமெடுக்கப் போனவருக்கு பிக்ஃபுட்டே நடந்து காட்டியது. கொடுத்துவைத்தவர்.

“ஒரு ஆள் எல்லாத் தடங்களையும் செய்திருக்க முடியுமா?” என்று உடனே கேட்பார்கள். முடியாதுதான். மிச்சத்தில் நிறையக் கரடி செய்தது. நடக்கும் கரடியின் பின்னங்கால் பல வேளைகளில் முன்னங்கால் பதிந்த இடத்தின் மீதே விழும். இரண்டும் சேர்ந்து நீளமான, மனிதப் பாதம் போன்ற ஒரே தடமாகிவிடும். இந்த நம்பிக்கையின் அடிப்படைக் கோளாறும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சான்றும் நிற்காது என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஆயிரம் சான்றுகள் சேர்ந்தால் பொய்யாகுமா என்பார்கள். பூஜ்யத்தை ஆயிரம் முறை கூட்டினாலும் பூஜ்யம்தான்.

ரோமத்துக்கு வருவோம், ஏனென்றால் ஒலியையும் தடத்தையும் போலன்றி ரோமத்தைச் சோதனைச்சாலைக்கு எடுத்துப் போக முடியும். 1976இல் பீட்டர் பைர்ன் என்ற பிக்ஃபுட் தேடுநர், தோல் ஒட்டிய 15 ரோமங்களை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பினார். மான் இனத்தைச் சேர்ந்தவை என்று 1977இல் பதில் வந்தது. 2014இல் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் குழு, பிக்ஃபுட், இமயமலைப் பனிமனிதன் எனப்படும் எட்டி போன்றவற்றின் ரோமம் என்று உலகெங்குமிருந்து வந்தவற்றில் 30 மாதிரிகளின் டி.என்.ஏ.வைப் படித்து வெளியிட்டது. கரடி, குதிரை, மாடு, ரக்கூன், முள்ளம்பன்றி என்று எல்லாமே தெரிந்த விலங்குகள். ஒன்று மனித முடி. எட்டியுடையதென்ற இரண்டு இமயமலை மாதிரிகள் பழங்காலப் பனிக்கரடியோடு ஒத்துப்போவதாக அந்தக் குழு சொல்லியிருந்தது. பிறகு வந்தவர்கள் அதையும் சோதித்து, சாதாரண இமயமலைப் பழுப்புக் கரடிதான் என்று திருத்தினார்கள். விஞ்ஞானிகள் தங்கள் கூற்றை இப்படித் திருத்திக்கொள்கிறார்கள். பிக்ஃபுட் முகாமில் எந்தத் தோல்வியும் கணக்கில் ஏறுவதில்லை.

உடல் எங்கே என்று கேட்டால் காடு பெரிது என்பார்கள். எவ்வளவு பெரிய காடாக இருந்தால் என்ன? கலிஃபோர்னியாவில் வுல்வரின் என்ற விலங்கு 1922க்குப் பிறகு உறுதியாகப் பதிவாகாமலே இருந்தது, அற்றுப்போனது என்றே கருதினார்கள். 2008 பிப்ரவரியில், டாஹோ தேசியக் காட்டில் வேறொரு சிறு விலங்குக்காக ஒரு ஆய்வு மாணவி வைத்த தானியங்கி கேமராவில் ஒரு வுல்வரின் விழுந்தது. நாய் அளவு இருக்கும் ஒற்றை ஆண் விலங்கு. டி.என்.ஏ.வை வைத்து அது ராக்கி மலைப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே காடுகளில் பல தலைமுறைகளாகக் குட்டி போட்டு வளர்க்கும் எட்டடிப் பிராணிக் கூட்டம் மட்டும் ஒரு பல்லைக்கூட விட்டுவைக்காதாம். இறந்தவற்றைத் தாமே புதைத்துவிடுமாம். கேமராவின் அகச்சிவப்பு ஒளி அவற்றுக்குத் தெரியுமாம். வேறு பரிமாணத்துக்குள் மறைந்துவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

1901இல் ஒகாப்பி என்ற ஆப்பிரிக்க விலங்கும் 1992இல் வியட்நாமின் சாவோலா என்ற விலங்கும் புதிதாகத் தெரியவரவில்லையா என்பது இன்னொரு வாதம். வந்தன. ஒகாப்பியை உலகம் ஏற்றது, அதன் தோலும் மண்டையோடும் லண்டனுக்கு வந்து சேர்ந்த பிறகுதான். சாவோலாவின் கொம்புகள் வூ குவாங் காட்டு வேட்டைக்காரர்களின் வீடுகளிலேயே இருந்தன. அமெரிக்க மேற்கில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மரம் வெட்டினார்கள், வேட்டையாடினார்கள், நெடுஞ்சாலை போட்டார்கள். எந்த வீட்டுச் சுவரிலும் பிக்ஃபுட் தலை தொங்கவில்லை.

பூர்வகுடிகளின் கதைகளைச் சாட்சிக்கு இழுப்பது இன்னும் எரிச்சலூட்டுகிறது. குவாக்வாக்கவாக்கு மக்களின் கதைகளில் பிள்ளைகளைக் கூடையில் போட்டுத் தூக்கிப்போகும் வனப்பெண் ஜூனுக்வா வருகிறாள். இடிமுழக்கப் பறவையும் வருகிறது. அவளை மட்டும் விலங்கியல் ஆதாரமாக எடுத்துக்கொண்டு பறவையைக் கதை என்று விட்டுவிடுவது என்ன நியாயம்?

நம்பிவிட்டுப் போகட்டும், யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்கள் வாஷிங்டனின் ஸ்கமேனியா மாவட்டத்தைப் பார்க்கலாம். பிக்ஃபுட்டைக் கொன்றால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை என்று 1969இல் அங்கே சட்டம் போட்டார்கள். கேலியாகத் தெரியும். ஆனால் துப்பாக்கியோடு இருட்டில் திரிகிறவர்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடுவார்களோ என்ற பயம் கேலியில்லை. 2024 டிசம்பரில், அதே மாவட்டத்தின் கிஃபோர்ட் பின்ச்சோ காட்டுக்குள் சாஸ்குவாட்ச் தேடிப்போன இருவர் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பவில்லை. மூன்று நாள் தேடலுக்குப் பிறகு உடல்கள் கிடைத்தன. கடுங்குளிரும் போதிய தயாரிப்பு இல்லாததும்தான் காரணம் என்றது ஷெரிஃப் அலுவலகம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆதாரம் என்ற பெயரில் அலறல்களை விற்றவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2009இல் சூழலியலாளர்கள் சிலர், சாஸ்குவாட்சைப் பார்த்ததாகவும் தடத்தைக் கண்டதாகவும் பதிவான இடங்களைக் கணினியில் இட்டு அது வாழக்கூடிய பரப்பை வரைந்தார்கள். மேற்கு அமெரிக்காவில் கருங்கரடி வாழும் வரைபடத்தோடு அது ஏறத்தாழப் பொருந்திப்போனது. கரடிகள் அதிகமுள்ள மாநிலங்களில் ‘பிக்ஃபுட் தரிசனமும்’ அதிகம் என்று 2024இல் வெளியான இன்னொரு ஆய்வும் காட்டியது. இதற்கும் பதில் தயார்: இரண்டுக்கும் ஒரே உணவு, ஒரே காடு, அதனால்தான் சேர்ந்தே இருக்கின்றனவாம். அப்படியானால் அந்தக் காட்டில் வைத்த கேமராக்களில் கரடி மட்டும் ஏன் விழுகிறது?