பரீட்சையா, பகற்கொள்ளையா?

கொழும்பிலே இருபது பேர் பணிபுரியும் ஒரு சிறு மென்பொருட் கம்பனி. அதற்கு வேண்டியவர் ஒரே ஒரு பொறியியலாளர். அந்த ஓர் ஆசனத்துக்காக எம் இளைஞர் கடக்க வேண்டிய வாயில்களோ ஐந்து! தொலைபேசி விசாரணை ஒன்று. வீட்டிலிருந்து செய்தனுப்பும் வேலை ஒன்று. வெண்பலகையின் முன் நின்றெழுதும் சோதனை ஒன்று. முகாமையாளரின் நேர்முகம் ஒன்று. ஈற்றில் உரிமையாளரின் தரிசனம். இத்தனையும் கடந்தபின் கிடைப்பது யாது? நியமனக் கடிதமன்று, மறுப்புக் கடிதமுமன்று, மௌனம்!

இது ஒருவரின் கதையன்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் மொறட்டுவையிலும் கற்று வெளிவந்த பட்டதாரிகள் பலரின் முறைப்பாடு இதுவே. ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடந்து, காலை எட்டு மணிக்குக் கம்பனி வாயிலில் நின்றார். அழைக்கப்பட்டது பிற்பகல் இரண்டு மணிக்கு. பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வினவியவர் அவருடைய விண்ணப்பத்தை வாசித்திருக்கவே இல்லை.

மற்றொருவரை, கடையொன்றின் இருப்புக் கணக்கைப் பேணும் செயலியைச் செய்தனுப்புமாறு பணித்தனர். ஏழு இரவுகள் கண்விழித்துச் செய்தனுப்பினார். பதில் வரவில்லை. சில மாதங்களின் பின் அதே போன்ற செயலி அக்கம்பனியின் விளம்பரத்திலே தோன்றியது. திருட்டென்று நிறுவ அவரிடம் சான்றில்லை. ஆனால் ஏழு இரவுகளுக்குக் கூலி கிடைக்கவில்லை என்பதற்குச் சான்றும் வேண்டுமோ?

"நாம் சிறிய கம்பனி, தவறான ஒருவரைச் சேர்த்தால் தாங்கமாட்டோம்" என்கின்றனர் அதிபர்கள். அவதானம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. வாயில்களைப் பெருக்குவதால் அவதானம் வந்துவிடுமா என்பதே எமது கேள்வி. எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகம், மனம்போன போக்கில் வினவும் நேர்முகத்தைவிட நம்பத்தக்கது என, 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்ரர் என்போர் 1998இலேயே காட்டினர். புதிர்க் கேள்விகள் வெறும் நேர விரயம். அவை கேட்பவரின் அகந்தைக்கே தீனி போடுகின்றன என்ற கருத்தைக் கூகிள் நிறுவனத்தின் ஆளணித் தலைவராயிருந்த லாஸ்லோ பொக் 2013இல் வெளியிட்டார். பெரியவர்கள் எறிந்துவிட்ட பழஞ்சட்டையை எம்மவர் புத்தாடையென்று அணிகின்றனர்! அமெரிக்கக் கம்பனிகளின் பரீட்சையைப் பார்த்தெழுதும் இவர்கள், அவற்றின் சம்பளத்தை மட்டும் பார்த்தெழுதுவதில்லை.

சம்பளம் என்றதும் நினைவு வருகிறது. ஐந்தாவது வாயில்வரை அத்தொகை பரம இரகசியம். நியூயோர்க் நகரிலோ, நால்வரேனும் பணிபுரியும் நிறுவனம் விளம்பரத்திலேயே சம்பள எல்லையைக் கூறவேண்டுமென்ற சட்டம் 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிறிய கம்பனி என்ற சாக்கு அங்கே செல்லாது. எமது நாட்டின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டமோ பணியில் அமர்ந்தவரின் நேரத்தையும் விடுமுறையையும் ஊதியத்தையும் பற்றியது. வாயிலில் நிற்பவன் ஊழியன் அல்லனே. அவனுக்கு யார் காவல்?

நாம் கேட்பவை பெரியவை அல்ல. சம்பள எல்லை விளம்பரத்தில் இருக்கட்டும். ஆங்கிலப் பேச்சு வேண்டுமாயின் அதுவும் அங்கேயே இருக்கட்டும். வீட்டுச் சோதனை இரண்டு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. மேற்பட்டாற் கூலி கொடுக்கட்டும். முதற் சுற்றுக்கள் காணொளி மூலம் நடக்கட்டும். நேரில் அழைத்தாற் பயணச் செலவைத் தரட்டும். இரு வாரத்துள் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி எழுதட்டும். ஒரு வரி எழுத இருபது பேர் போதாதா?

இளைஞர்களே! விண்ணப்பிப்பவர் இரவலர் அல்லர். வேலையைத் தொடங்குமுன் அதன் அளவையும் உரிமையையும் எழுத்திற் கேளுங்கள். நடந்தவற்றைக் குறித்து வையுங்கள். பின்வரும் தம்பி தங்கையருக்குச் சொல்லுங்கள். பல்கலைக்கழகங்களும் இம்முறைப்பாடுகளைத் திரட்டி, ஏமாற்றும் கம்பனிகளுக்குத் தம் வாயிலை மூடட்டும்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் திறமைசாலிகள் நாட்டைவிட்டுப் போகின்றனரே என்று அழும் அதிபர்களைக் கேட்கின்றோம்: அவர்கள் உங்கள் வாயிலில் எத்தனை மணி நேரம் காத்து நின்றார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?