கீதா முகர்ஜியின் அறிக்கையைத் தூசி தட்டுங்கள்

2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454 வாக்குகளுடன் நிறைவேறியபோது, எதிர்த்து விழுந்தவை இரண்டே வாக்குகள். எல்லாக் கட்சிகளும் உரிமை கொண்டாடிய அந்த வெற்றிக்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே உழைத்தவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கீதா முகர்ஜி.

1924இல் கல்கத்தாவில் பிறந்த கீதா, மாணவர் இயக்கத்தில் வளர்ந்தவர். கணவர் பிஸ்வநாத் முகர்ஜியும் அதே கட்சியின் தலைவர். 1967இல் மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1980 முதல் 1999 வரை நடந்த ஏழு மக்களவைத் தேர்தல்களிலும் பான்ஸ்குரா தொகுதி அவரையே அனுப்பியது. மாதர் இயக்கப் பணிகளுக்கு நடுவே வங்க மொழியில் குழந்தைகளுக்கான நூல்களும் எழுதினார்.

1996 செப்டம்பர் 12 அன்று தேவ கவுடா அரசு மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. அது நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போனது; தலைவர் கீதா முகர்ஜி. குழுவுக்கு அனுப்பினால் மசோதா கிடப்பில் விழும் என்பது டெல்லி வழக்கம். அவரோ மூன்றே மாதத்தில், டிசம்பர் 9 அன்று, அறிக்கையை அவையில் வைத்துவிட்டார். மாநிலங்களவைக்கும் சட்ட மேலவைகளுக்கும் இடஒதுக்கீடு வேண்டும், பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு தருவதை உரிய காலத்தில் பரிசீலிக்க வேண்டும் என்றெல்லாம் குழு சொன்னது. அந்த உள்ஒதுக்கீட்டை உடனே தர வேண்டும் என்று குழுவிலிருந்த நிதிஷ் குமார் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்.

பிறகு நடந்தது இழுத்தடிப்பு. 1998இல் சட்ட அமைச்சராக இருந்த தம்பிதுரை மீண்டும் அறிமுகம் செய்ய முயன்றபோது, மசோதா நகல் அவையிலேயே பறித்துக் கிழிக்கப்பட்டது. கீதா 2000 மார்ச் 4 அன்று, உறுப்பினராக இருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். 2010இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதா மக்களவையைத் தாண்டவில்லை.

ஒருவழியாக 2023இல் வந்த சட்டத்தைப் பாருங்கள். மாநிலங்களவை அதில் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் உள்ஒதுக்கீடும் இல்லை. போதாக்குறைக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்ற நிபந்தனை. 1996 மசோதாவில் இந்தப் பூட்டு கிடையாது. மூன்று மாதத்தில் ஒரு குழு முடித்துக் கொடுத்த வேலைக்கு அரசியல் கட்சிகள் 27 ஆண்டு எடுத்துக்கொண்டன. அதையும் அரைகுறையாகவே செய்தன.

சட்டம் அமலாகாமலே நடந்த 2024 தேர்தலில் 543 இடங்களில் வென்ற பெண்கள் 74 பேர். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வேட்பாளர் இடம் கொடுக்க எந்தக் கட்சிக்கும் சட்டம் தேவையில்லை. சட்டத்துக்கு வாக்களித்த கட்சிகள் முதலில் தங்கள் வேட்பாளர் பட்டியலைத் திருத்தட்டும். விடுபட்டவற்றை கீதா முகர்ஜி குழுவின் அறிக்கையிலிருந்து எடுத்துச் சட்டத்தில் சேர்க்கட்டும்.