தண்ணீர் போத்தலைக் கட்டிப் பாருங்கள்

தங்கச்சி மகன் போன வாரம் கடைக்கு வந்தான். தைக்கக் கொடுத்த காற்சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மாமா, தூண்டில் ஒண்டு வாங்கணும், ஆறாயிரத்துக்குள்ள" என்று போனை நீட்டினான். படத்தில் கறுப்புக் கம்பு ஒன்று, மடக்கினால் குடையளவு, இழுத்தால் பத்தடி. 'கார்பன்' என்று பொன்னெழுத்து வேறு. "இதை மட்டும் வாங்காதே" என்றேன். அவன் முகம் சுருங்கிப் போனது.

அதே மாதிரி ஒன்றை நானும் வாங்கியவன்தான். அலவத்துகொடயில் தையல் கடை. ஞாயிறு வந்தால் மெஷினை மூடிவிட்டு பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டையில் இறங்கி, ஹல்லொலுவ பக்கம் பாறைகளுக்கிடையே போய் நிற்பேன். சின்ன வயதில் வாப்பாவின் கித்துள் கம்போடு பிங்கா ஓயாவிலேயே பிடித்தோம். இப்போது அங்கே தூண்டிலில் ஏறுவது பெரும்பாலும் ஷொப்பிங் பேக். ஹல்லொலுவயில் ஒரு மழை நாள் பின்னேரம் நல்ல மீனொன்று கொத்தியது. லேலாவா, வேறெதுவோ, நான் பார்க்கவே இல்லை. அது ஓட்டத்தோடு கீழே பாய, கம்பின் மேலிருந்து இரண்டாவது கணு 'சடக்' என்று நசுங்கியது. அடுத்த நொடி தங்கூசியும் போய்விட்டது. மீன் போனதற்கு நான் கவலைப்படவில்லை. முள்ளை வாயில் வைத்துக்கொண்டு போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

கடையில் கேட்பார்கள்: எத்தனை அடி வேண்டும், எத்தனை கிலோ மீன் பிடிப்பீர்கள்? இந்த இரண்டுமே தப்பான கேள்விகள். கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே பொல்கொல்ல அணை 1976 முதல் மகாவலியை மறித்து, ஒரு பங்கைச் சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் திருப்புகிறது. அணைக்கு மேலே ஆறு குளம் மாதிரி கிடக்கும். அங்கே திலாப்பியா பிடிக்க மூங்கில் கம்பே போதும். பாறையில் மோதி ஓடும் இடத்தில் கணக்கு மாறுகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு. முக்கால் கிலோ மீன் குறுக்கே திரும்பி நின்றால், மீனோடு ஆற்றையும் சேர்த்தல்லவா இழுக்கிறோம்?

இங்கிலாந்தில் ஓடும் ஆறுகளில் பார்பல் என்றொரு மீசைக்கார மீன் உண்டு. எங்கள் லேலாவுக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கென்றே அங்கே தூண்டில் செய்கிறார்கள். அதன் பலத்தை அவர்கள் அளக்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பின் நுனி, அடியோடு செங்கோணமாக வளைய எவ்வளவு எடை வேண்டும் என்று பார்ப்பார்கள். பார்பலுக்கு ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் இறாத்தல். அதாவது ஏறக்குறைய முக்கால் லீற்றர் தண்ணீர் போத்தல்! அதை எந்தக் கடைக்கும் கொண்டு போகலாம்.

வளையங்களூடாக நூலைக் கோத்து, போத்தலின் கழுத்தில் கட்டி, கம்பைக் கிடையாகப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நுனி மட்டும் மடிந்து மற்றது விறைத்து நின்றால் வேண்டாம். அசையவே இல்லையென்றால் அது கடல் தூண்டில். பாதிக் கம்பு வரை வில்லாக வளைந்து வந்தால் அதுதான் நம் ஆற்றுக்கு. மீன் பாயும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்த வளைவுதான். இல்லாவிட்டால் அது அத்தனையும் நூலின் தலையில் விழும். உள்ளுக்குள் மடங்கும் கம்பில் ஒவ்வொரு மூட்டும் விறைப்பு. மணல் புகுந்தால் இறுகியும் போகும்.

2022இல் ரூபா சரிந்த பிறகு நல்ல கார்பன் கம்பின் விலையைக் கேட்கவே பயம். மலிவான கார்பனை விட இரண்டு துண்டாகப் பொருத்தும் பைபர் கிளாஸ் மேல். எட்டு, ஒன்பது அடி போதும். கனம்தான், மாலையில் கை வலிக்கும். ஆனால் பாறையில் தட்டினாலும் தாங்கும். மின்கம்பியில் பட்டால் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தையல்காரன் புத்தி ஒன்று. வளையத்துக்குள் சட்டின் துணித் துண்டொன்றை இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் அங்கே கீறல் உண்டு, தங்கூசியை அது அறுத்துவிடும். வளையம் கழன்றால் நான் மெஷின் நூலை நெருக்கமாகச் சுற்றி, மகளின் நகப்பூச்சைப் பூசிவிடுவேன். மிஞ்சும் காசில் நல்ல தங்கூசியும் முள்ளும் வாங்குவது வீணல்ல. முடிச்சை எச்சிலால் நனைத்துத்தான் இறுக்க வேண்டும், உலர்ந்தபடி இறுக்கினால் சூட்டில் நூல் பலமிழக்கும்.

கடேயா கொத்தினால் திரும்ப விட்டுவிடு என்று மருமகனிடம் சொன்னேன். மேல் மகாவலியை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத மீன் அது. தலையாட்டினான். நேற்று கண்டிக்குப் போகும்போது பையில் தண்ணீர் போத்தல் இருந்தது. காற்சட்டை இன்னும் என் கடையில்தான் தொங்குகிறது.