கணக்கு இருந்தது, கள்ளம் பிடிபட்டது!

ஊருக்குப் பொதுவாக ஒரு கிணறு. யார் வேண்டுமானாலும் வந்து தண்ணீர் எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், இரவில் ஒருவன் வந்து விஷம் கலந்து விட்டால்?

கம்ப்யூட்டர் உலகத்திலும் அப்படிப் பொதுக் கிணறுகள் உண்டு. "ஓப்பன் சோர்ஸ்" என்று அதற்குப் பெயர். அதாவது, எழுதியவர் பூட்டி வைக்காத புரோகிராம். யாரும் படிக்கலாம். யாரும் திருத்தலாம்.

"லினக்ஸ்" அப்படிப்பட்டது. பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ம் ஆண்டில் அதை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 21. இன்று ஆண்ட்ராய்டு செல்போன்களை உள்ளிருந்து இயக்குவது அதுதான்.

அந்தக் கிணற்றில் ஒரு நாள் விஷம் கலக்கப் பார்த்தார்கள்!

ஒரு குறி குறைந்தது

2003-ம் ஆண்டு நவம்பர் மாதம். லினக்ஸ் புரோகிராமின் நகல் ஒன்று தனியாக ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்குள் யாரோ புகுந்தார்கள். இரண்டே வரிகளைச் சேர்த்தார்கள்.

அந்த வரிகளில்தான் சூது இருந்தது. புரோகிராம் மொழியில் சமக்குறி இரண்டு சேர்ந்து வந்தால், அது கேள்வி. "இவர் தலைவரா?" என்று பொருள். ஒன்று மட்டும் வந்தால், அது கட்டளை. "இவரைத் தலைவர் ஆக்கு!" என்று பொருள்.

இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. பார்ப்பவருக்கு எழுத்துப் பிழை போலத் தோன்றும். ஆனால், அது மூலப் பிரதியில் ஏறியிருந்தால், ரகசியம் தெரிந்த திருடன் கையில் கம்ப்யூட்டரின் கொத்துச் சாவியே போயிருக்கும்!

எப்படிப் பிடிபட்டது? மூலப் பிரதிக்கு ஒரு பேரேடு இருந்தது. ஒவ்வொரு திருத்தமும் அதில் பதிவாகும். நகலில் கண்ட திருத்தத்துக்குப் பேரேட்டில் பதிவு இல்லை. கணக்கு உதைத்தது. கள்ளம் வெளிப்பட்டது.

பிறந்தது "கிட்"

அந்தப் பேரேட்டு முறை ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது. 2005-ம் ஆண்டில், இலவசமாகக் கொடுத்து வந்த அனுமதியை அந்தக் கம்பெனி நிறுத்திக் கொண்டது.

டோர்வால்ட்ஸ் சோர்ந்து விடவில்லை. ஏப்ரல் மாதம் தாமே ஒரு பேரேட்டுப் புரோகிராமை எழுத உட்கார்ந்தார். அதற்குப் பெயர் "கிட்". சில நாட்களிலேயே அது தன் கணக்கைத் தானே எழுதத் தொடங்கியது. ஜூன் மாதத்தில் லினக்ஸின் புதிய பதிப்பு "கிட்" மூலம் வெளிவந்தது. "கிட்" எல்லோருக்கும் இலவசம்.

அதில் ஒவ்வொரு பதிவிலும் நான்கு விவரம் இருக்கும். திருத்தியவர் யார்? எப்பொழுது? என்ன மாற்றினார்? ஏன் மாற்றினார்?

பதிவுக்கு ஓர் அடையாள எண்ணும் உண்டு. முந்தைய பதிவின் எண்ணையும் சேர்த்தே அது கணக்கிடப்படும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும், அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் மாறி விடும். வேலை செய்கிறவர் ஒவ்வொருவரிடமும் முழுப் பேரேடும் இருக்கும். ஒரு வீட்டில் திருத்தி என்ன பயன்? மற்ற வீடுகளில் உள்ள ஏடுகள் காட்டிக் கொடுத்து விடுமே!

முதலில் பாவு, பிறகு தறி

பாவு ஓட்டாமல் தறியில் உட்காருவார் உண்டா? புரோகிராம் வேலையும் அப்படித்தான்.

முதலில் "கிட்"டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதில் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிய வேண்டும். ஒவ்வொரு பதிவின் கீழும் அதுதான் கையெழுத்து.

அடுத்து, பேரேட்டோடு புரோகிராமை நகல் எடுக்க வேண்டும். ஒன்றையும் தொடாமல், இருந்தபடியே அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால், பின்னால் வரும் கோளாறு நம் கை வைத்ததால் வந்தது என்று தெளிவாகத் தெரியும்.

அதன் பிறகு தனியாக ஒரு கிளை பிரித்து, அதில் சிறு திருத்தம் செய்ய வேண்டும். சோதித்து, காரணம் எழுதி, பதிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால், கிளை மரத்தோடு சேரும்.

இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? "புதியது", "புதியது இரண்டு", "கடைசி", "உண்மையான கடைசி" என்று நகல்களைக் குவிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, எது சரியானது என்று அவர்களுக்கே தெரிவதில்லை!

இன்னோர் எச்சரிக்கை: பாஸ்வேர்டை இந்த ஏட்டில் எழுதக் கூடாது. பிறகு அழித்தாலும் பழைய பக்கத்தில் அது இருக்கும். ஏடு எதையும் மறப்பதில்லை.

ஏடு மட்டும் போதுமா?

போதாது. 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் அது தெரிந்தது. "எக்ஸ்.இசட்" என்ற புரோகிராமில் கள்ள வழி ஒன்று இருந்தது. வைத்தவர் வெளியாள் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கூட இருந்து வேலை செய்து, நம்பிக்கை பெற்றவர்! அந்தக் கள்ளத்தின் ஒரு பகுதி ஏட்டில் ஏறவில்லை. வெளியிட்ட பொட்டலத்தில் மட்டும் மறைந்திருந்தது.

ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற என்ஜினீயர் அதைக் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தை விட அரை விநாடி கூடுதலாக ஆயிற்று. "அரை விநாடிதானே" என்று அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்தார். உலகம் தப்பியது.

பிள்ளைகளுக்குப் புரோகிராம் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். பேரேடு எழுதுவதைக் கடைசிப் பாடமாக ஒதுக்கி வைக்கக் கூடாது. முதல் நாளே கற்றுக்கொடுக்க வேண்டும். பிறர் எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் பழக்கத்தையும் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பொதுக் கிணற்றுக்குப் பூட்டுப் போட முடியாது. அதற்குக் காவல் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்க்கக் கண் வேண்டும்!